பதினான்காவது துக்கம்

மார்லா ஃபென் தன் மூன்றாவது கணவனைப் பிரிந்த துக்கத்தை, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சாலிகிராமத்தில் உட்கார்ந்து உமையாள் பட்டு முடித்தாள்.

"சூப்பர்க்கா!" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கோகுல்நாத் கட்டைவிரலை உயர்த்தினான். "அவன் நாயைத் தூக்கிக்கிட்டு காருல ஏறும்போது ஒண்ணு வந்துச்சு பாருங்க, அடிவயித்துலேர்ந்து! எதை நினைச்சீங்க?"

"கல்யாணம் ஆகி நாலாம் நாள் என் மாமியார் என் கண்ணு முன்னாடியே சமையலறை அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க."

"அடடா. ஹாலிவுட்காரன் உங்க மாமியாருக்குக் கோயில் கட்டணும்க்கா."

உமையாள் உணர்ச்சியைப் பதிவு செய்யும் நெற்றிப்பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சாவி ஞாபகம் இருந்தது. மாமியாரின் இடுப்பு, அரக்கு நிறப் புடவை எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் இருபத்தெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த அந்த எரிச்சல் மட்டும் இல்லை. யார் வீட்டு அலமாரியையோ யாரோ பூட்டியது போல இருந்தது.

உமையாளுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் டப்பிங் பேசியவள். தமிழ் தெரியாத கதாநாயகிகள் எல்லாரும் இவள் குரலில்தான் காதலித்தார்கள், இவள் குரலில்தான் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் "நிறுத்துங்க" என்றார்கள். ஒருநாள் ஒரு இயந்திரம் வந்தது. இவள் குரலை நான்கு நிமிடம் கேட்டது. ஐந்தாவது நிமிடத்திலிருந்து இவளுக்கு வேலை இல்லை.

பிறகு சினிமாவில் மூன்றாவது தடம் வந்தது. படம் ஒன்று, ஒலி இரண்டு, உணர்ச்சி மூன்று. தியேட்டர் நாற்காலியில் தலை சாயும் இடத்தில் ஒரு திண்டு. கதாநாயகி அழுதால் அந்தத் திண்டு வழியாக ரசிகனுக்கும் நெஞ்சு அடைக்கும். நல்ல நடிப்பு, நல்ல வசனம் போன்ற தொல்லைகளிலிருந்து திரையுலகம் ஒரே நாளில் விடுதலை பெற்றது. குரலைச் செய்யத் தெரிந்த இயந்திரத்துக்கு உணர்ச்சியைச் செய்யத் தெரியவில்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, உண்மையிலேயே பட்ட ஆள். உமையாளைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

மார்லா ஃபென் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரம். நாற்பத்து மூன்றாவது வயதில் தன் மாளிகை நீச்சல்குளத்தின் ஓரத்தில், அளவு மீறித் தூக்கமாத்திரை சாப்பிட்டுச் செத்துக்கிடந்தாள். இறுதி ஊர்வலம் முடிந்த வாரமே அவளுடைய வாழ்க்கைப் படத்தை அறிவித்துவிட்டார்கள். போஸ்டரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்: 'நூறு சதவீதம் மார்லாவின் சொந்த உணர்ச்சிகள்!' கடைசி வருடங்களில் அவள் ஒப்பந்தப்படி நெற்றிப்பட்டையோடுதான் குளித்தாள், தூங்கினாள், விவாகரத்து செய்தாள். எல்லாம் பதிவாகியிருந்தது.

அமெரிக்க விமர்சகர்கள் படத்தைப் பார்த்துவிட்டு 'நுட்பமான உணர்வு' என்று எழுதினார்கள். சென்னை முன்னோட்டக் காட்சியில் ரசிகர்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். பல் டாக்டரிடம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். உரிமை வாங்கி வைத்திருந்த கோகுல்நாத்துக்கு வியர்த்தது. அமெரிக்கக்காரி துக்கம் நம்மாளுக்குச் செட் ஆகாது என்று முடிவு கட்டினான். படத்துக்கு 'நீச்சல்குளத்தில் ஒரு கண்ணீர்த்துளி' என்று பெயர் வைத்து, பதினான்கு முக்கியமான காட்சிகளுக்கு உள்ளூர்த் துக்கம் ஏற்பாடு செய்தான்.

இப்போது பதின்மூன்று முடிந்திருந்தது.

"மோர் குடிங்கக்கா" என்று டம்ளரை நீட்டினாள் ஷாஹிதா. ஆம்பூர்ப் பெண், பதிவுப் பொறியாளர். அந்தக் கட்டடத்திலேயே உமையாளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்க."

"ஏன்டி, நான் நல்லா அழலையா?"

"நல்லா அழறதுதான் பிரச்சினை. நீங்க ஒண்ணை நினைக்கும்போது மனசு அதை வெளிய எடுத்து, மறுபடி உள்ள வைக்கும். அந்த நேரத்துலதான் பட்டை அதைப் படிக்குது. படிச்சதைத் திரும்ப வைக்க விடாது. ஸ்வீட் டப்பா திரும்பி வரும், ஸ்வீட் வராது."

"தெரியுமே. கையெழுத்துப் போட்டப்பவே சொன்னீங்களே."

"சொன்னோம். உங்க தம்பி விஷயம் நடந்தப்புறமும் நீங்க வர்றீங்களே, அதான் கேக்கறேன்."

தம்பி விஷயம் இதுதான். மார்லாவை மேனேஜர் ஏமாற்றும் ஒன்பதாவது காட்சிக்கு, உமையாள் தன் தம்பி வள்ளியப்பன்மேல் இருந்த கோபத்தைக் கொடுத்தாள். தேவகோட்டை வீட்டை அவன் தனியாக எழுதி வாங்கிக்கொண்ட கோபம். முதல் தரமான சரக்கு, ஒரே டேக்கில் ஓகே. இரண்டு வாரம் கழித்து வள்ளியப்பன் பத்திரத்தோடு வந்தான். வீட்டின் பின்கட்டு மட்டும் அக்கா பெயரில் மிச்சம் இருக்கிறதாம். உமையாள் காபி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். அவன்கூட ஒரு நிமிடம் பயந்துபோய், "உடம்பு கிடம்பு சரியில்லையா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

கோகுல்நாத் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். குரலில் தேன் கலந்திருந்தது.

"அக்கா, பதினாலு இருக்கே, அதுதான் படமே. மார்லா தனியா சாகறா. போன் பண்றா, யாரும் எடுக்கல. இதுக்கு மாமியாரெல்லாம் பத்தாது."

"அப்ப?"

"சார் போனப்போ பட்டீங்களே..."

உமையாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

கணவர் சொக்கலிங்கம் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மின்வாரியத்தில் இருந்தவர். மனைவி பேசிய படம் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் எடுத்து அழைத்துப் போவார். கதாநாயகி வாயைத் திறந்ததும், பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளை முழங்கையால் இடித்து, "இது என் வீட்டுக்காரம்மா குரல் சார்" என்பார். அந்த ஆள் திரும்பி இவளைப் பார்ப்பான், திரையைப் பார்ப்பான், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்து வருத்தப்படுவான். படம் முடிந்த பிறகும் சொக்கலிங்கம் எழுந்திருக்க மாட்டார். பெயர்கள் எல்லாம் ஓடி முடிய வேண்டும். டப்பிங் பேசினவள் பெயரைப் போடும் வழக்கம் அந்தக் கம்பெனிகளுக்கு இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், "இந்தப் படத்துல போட்டிருப்பான் பாரு" என்று உட்கார்ந்திருப்பார். கீழே பாப்கார்னைப் பெருக்கிக்கொண்டு வருபவர்கள் அவர் காலைத் தூக்கச் சொல்வார்கள். தூக்குவார், கண் மட்டும் திரையிலேயே இருக்கும். நூற்றுப் பதினெட்டுப் படம் இப்படி. ஒன்றிலும் வரவில்லை.

"அது வேண்டாம் கோகுல். வேற எது வேணா கேளு."

"பேரு போடறேன்க்கா."

உமையாள் நிமிர்ந்தாள்.

"தனி கார்டு. கறுப்புல வெள்ளை எழுத்து. 'உணர்ச்சி: உமையாள் சொக்கலிங்கம்'. ஸ்க்ரீன்ல மூணு செகண்டு நிக்கும்."

அவள் மோர் டம்ளரை எடுத்து மீதியைக் குடித்து முடித்தாள்.

"அஞ்சு செகண்டு" என்றாள்.

"நாலு வெச்சுக்கலாம்க்கா. நாய்க்கே நாலுதான்."

*

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். கோகுல்நாத் பதினொன்றுக்குத்தான் வருவான்.

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள் ஷாஹிதா.

"அவரோட ஆசைடி. ஒரு நாலு செகண்டு."

"கார்டு வரும்போது நீங்க தியேட்டர்ல உக்காந்து பாப்பீங்க. பாக்கும்போது அவர்மேல உங்களுக்கு ஒண்ணும் தோணாது. அப்ப யாருக்கு அந்தக் கார்டு?"

உமையாள் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒரிஜினலைப் போடு. கேக்காம எப்படி டப் பண்றது?"

பதின்மூன்று காட்சிக்கும் ஒரிஜினலைக் காட்டவே இல்லை. நேரம் வேஸ்ட் என்று கோகுல்நாத் தடுத்துவிட்டான். ஆனால் உமையாளின் வழக்கம் வேறு. வாயசைவுக்குப் பேசும் காலத்திலேயே அந்தப் பெண் தன் பாஷையில் எப்படிப் பேசியிருக்கிறாள் என்று ஒருதரம் கேட்காமல் மைக் முன்னால் நிற்க மாட்டாள்.

ஷாஹிதா கதவைப் பார்த்துவிட்டு, பட்டை படிக்காமல் மார்லாவின் பதிவைத் தரும்படி பட்டனை அழுத்தினாள். உமையாள் பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

திரையில் மார்லா நீச்சல்குளத்தோரம் படுத்திருந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். பின்னணியில் நாற்பது வயலின் அழுதது.

உமையாள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சோகம் இல்லை, பயம் இல்லை, அலுப்புகூட இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அந்தச் சுவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வள்ளியப்பன் பத்திரத்தை நீட்டியபோது அவளுக்குள்ளே இருந்த அதே சுவர். சர்க்கரை போதுமா?

கண்ணைத் திறந்தாள். "மெஷின் கோளாறா?"

"இல்லக்கா. சிக்னல் சுத்தமா இருக்கு. உணர்ச்சிதான் இல்ல."

"மாத்திரை போட்டிருந்தாளே, அதனாலயா?"

"மாத்திரை இதுக்கப்புறம்தான். பிரேதப் பரிசோதனை நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன்."

உமையாள் நெற்றிப்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு எத்தனை படத்துக்குப் பட்டை கட்டினா?"

"முப்பத்தொண்ணு. எல்லாமே அழுகைப் படம். விருது வாங்கினதெல்லாம் சொந்தச் சரக்குதான்."

"அம்மா, அப்பா, புருஷன் எல்லாத்தையும் வித்திருக்கா. கடைசியில சாகறதுக்கு அவகிட்ட ஒரு பயம்கூட மிச்சம் இல்ல." உமையாள் திரையைப் பார்த்தாள். அசையாமல் நின்ற பிம்பத்தில் மார்லாவின் கை போனின்மேல் இருந்தது. "இது படத்துல வருதா?"

"குடி வருது. மூணு புருஷனும் வர்றாங்க. நாய் வருது. மேனேஜர் வர்றான். பட்டை மட்டும் வரல." ஷாஹிதா மெல்லச் சிரித்தாள். "பட்டை செய்யற கம்பெனிதானேக்கா படமே எடுத்திருக்கு."

கதவு திறந்தது. "என்னக்கா, ரெடியா? சாரை மனசுல கொண்டு வந்துட்டீங்களா?" என்றான் கோகுல்நாத்.

"வந்துக்கிட்டே இருக்காரு. பத்து நிமிஷம் கொடு."

"எடுத்துக்கங்க. துக்கத்தை அவசரப்படுத்த முடியுமா? பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சா போதும்."

உமையாள் உட்கார்ந்தாள். சொக்கலிங்கம் வந்தார். முதலில் முழங்கைதான் வந்தது. பிறகு காலைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்க்கும் முகம். நெஞ்சுக்குள் ஏதோ கனமாக நகர்ந்தது. பட்டை வெதுவெதுப்பானது. படிக்கத் தயாராகிறது. அவள் வெடுக்கென்று அதை நெற்றியிலிருந்து உயர்த்தினாள்.

அப்போது பக்கத்து மெஸ்ஸிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வந்தது. கூடவே அப்பளம் பொரியும் வாசனை.

உமையாள் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அழுகைக் காட்சி என்றால் சாப்பிடாமல் வருவதுதான் டப்பிங்காரர்கள் பழக்கம். சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு கடமுடா என்றால் மைக் பிடித்துவிடும், செத்துக்கிடக்கும் தாயின் வயிறு ஜீரணம் செய்யும். இப்போது மைக்கே இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

அவளுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. இதே மெஸ். இதே வாசனை. தாய் இறந்ததும் மகள் கதறும் காட்சி. இயக்குநருக்கு எதுவும் பிடிக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து சாயங்காலம் ஐந்து வரை இருபத்தேழு டேக். "அம்மா, என்னை விட்டுட்டுப் போயிட்டியேம்மா" என்று கதறியபடியே அப்பளம் எத்தனை மிச்சமிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணீர் நிஜம். காரணம்தான் வேறு. அந்த மாதிரிப் பசி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உமையாள் பட்டையை இறக்கிக்கொண்டாள். "போடு."

மார்லா போனை எடுத்தாள், வைத்தாள். வயலின்கள் ஓலமிட்டன. உமையாள் தோள் குலுங்க, மூக்கு விடைக்க, இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு அழுதாள்.

பக்கத்தில் நின்ற ஷாஹிதா அவள் காதோடு கிசுகிசுத்தாள். "அக்கா, இது நெஞ்சு இல்லையே. வயிறு."

உமையாள் விம்மலுக்கு நடுவே, "அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"அவர் கிராப்ல உயரத்தை மட்டும்தான் பாப்பாரு. உயரம் சீலிங்கைத் தாண்டுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோகுல்நாத் கிராபைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தெய்வம்க்கா நீங்க" என்றான். "சார்மேல இவ்வளவு பிரியமா? சே. எனக்கே வீட்டுக்குப் போய் சாப்பாட்டுல உக்காந்துடணும் போல இருக்கு."

*

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, நேராகக் கேன்டீனுக்கு ஓடினார்கள். வடபழனியில் ஒரு தியேட்டர் பாப்கார்னை நிறுத்திவிட்டுச் சாப்பாடு போட ஆரம்பித்தது. தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், "மார்லாவின் ஆன்மப் பசியை இவ்வளவு அருகில் நாம் உணர்ந்ததில்லை" என்றார். மனநல மருத்துவர் ஒருவர், தனிமையின் வலி தொப்புளுக்குச் சற்று மேலே மையம் கொள்கிறது என்று கட்டுரை எழுதினார்.

கோகுல்நாத் போன் செய்தான். "அக்கா, ஹாலிவுட்லேர்ந்தே கூப்பிட்டாங்க! ஒரிஜினலைத் தூக்கிட்டு நம்ம டிராக்கையே உலகம் பூரா போடறாங்களாம். பாரிஸ்ல அழறான், டோக்கியோல அழறான்!"

"சாப்பிடறானா?"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. என் கார்டு இருக்குல்ல?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா. மீட்டிங்ல இருக்கேன், வெச்சிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். ஜி-17 அவளுக்கு. ஜி-18-இல் கைப்பையை வைத்தாள்.

மேனேஜர் ஏமாற்றியபோது, வள்ளியப்பன்மேல் இருந்த கோபத்தில் முன் வரிசை ஆள் பல்லைக் கடித்தார். மூன்றாவது கணவன் நாயோடு காரில் ஏறியபோது, மாமியார் சொருகிய சாவிக்காகத் தியேட்டரே பொருமியது. கடைசிக் காட்சியில் மார்லா போனை வைத்தபோது அறுநூறு பேர் ஓவென்று அழுதார்கள். உமையாளுக்கும் திண்டு வழியாக அந்த அப்பளப் பசி வந்தது. சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

படம் முடிந்தது. திண்டுகள் ஒரே நேரத்தில் 'டிக்' என்று அணைந்தன. அழுகையும் அதோடு நின்றது. அறுநூறு பேரும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கார் எங்கே நிறுத்தினோம் என்று பேசியபடி எழுந்தார்கள்.

உமையாள் எழுந்திருக்கவில்லை.

பெயர்கள் ஓடின. நாயின் பெயர் வந்தது, நான்கு செகண்டு. நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் வந்தது. நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்த நிறுவனம் வந்தது. வயலின்காரர்கள் நாற்பது பேரும் வந்தார்கள். பிறகு திரை கறுப்பானது. தனி கார்டு. வெள்ளை எழுத்து.

'உணர்ச்சி: மார்லா ஃபென்.'

ஐந்து செகண்டு நின்றது.

போஸ்டரில்தான் நூறு சதவீதம் என்று போட்டுவிட்டார்களே, வேறு யார் பெயரைப் போடுவார்கள்? அதுவரை உமையாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு, "அடுத்த படத்துல போடுவான் பாரு" என்று பக்கத்தில் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. முழங்கை இடிக்கவில்லை. ஜி-18-இல் கைப்பை மட்டும் இருந்தது. ஆறு வருடமாக அவள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது அங்கேயே, அத்தனை விளக்கும் எரியும் காலித் தியேட்டரில், நெஞ்சு முட்ட வந்தது. உமையாள் வாய்விட்டு அழுதாள்.

துடைப்பத்தோடு வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்த பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை. உமையாளின் தலைக்குப் பின்னால் இருந்த திண்டைத் தொட்டுப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "ஜி பதினேழு" என்று முணுமுணுத்தபடி எழுதினாள்.

"இந்தத் திண்டு ரிப்பேர்க்கா. படம் முடிஞ்சும் ஆஃப் ஆவல பாரு. எந்திரிச்சு வெளிய போனா சரியாப்பூடும்."

"சரியாகுமா?"

"எல்லாருக்கும் ஆயிடுதே." அவள் துடைப்பத்தைத் தரையில் வைத்தாள். "கொஞ்சம் காலைத் தூக்குக்கா."

உமையாள் காலைத் தூக்கிக்கொண்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.